சாமானை யார் கட்டினது? துருவ எழுத்திலிருந்து காணாமல்போன எடை

1

போன மார்கழியில் ஊருக்குப் போயிருந்தேன். உத்திரமேரூரிலிருந்து இன்னும் உள்ளே போகிற ஊர். அந்த வருஷம் மழை சரியாகப் பெய்திருந்தது. ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது. ராத்திரி சாப்பிட்டு முடித்து, சித்தப்பா வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்து ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெர்னர் ஹெர்சாக் 2007இல் எடுத்த அண்டார்டிகா ஆவணப்படம், 'என்கவுன்டர்ஸ் அட் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்'. எனக்கு அது நாலாவது தடவை. சித்தப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

சித்தப்பா விமானப்படையில் இருபது வருஷம் இருந்தவர். ஓட்டினவர் இல்லை. ஏ.என்-32 சரக்கு விமானத்தில் லோடு ஏற்றி, எடை பார்த்து, கட்டி, இறக்குகிற வேலை. சண்டிகரிலிருந்து லடாக்குக்கு எத்தனை தடவை போயிருப்பார் என்று அவருக்கே கணக்கு இல்லை. ரிட்டயர் ஆகி வந்து இப்போது ஒன்றரை ஏக்கர் நெல் வைக்கிறார்.

பனிக்கு அடியில் கடல். அதில் மிதந்துபோகும் உயிர்கள். பின்னணியில் தேவாலயப் பாட்டு மாதிரி ஒரு இசை. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து ராணுவச் சரக்கு விமானத்தின் வயிறு திரையில் வந்தது. வரிசையாக ஆட்கள் சாய்ந்திருக்கிறார்கள், பின்னால் வலை போட்டுக் கட்டின சாமான்கள். அங்கேதான் அவர் நிமிர்ந்தார்.

"கொஞ்சம் பின்னால போ."

போனேன்.

"நிறுத்து. இவ்ளோ சாமான எவன்டா கட்டனான்? அத்த சொல்றானா?"

"இல்ல சித்தப்பா. அவரு மனுஷங்களோட கனவப் பத்திப் பேசறாரு."

"கனவு கெடக்குது. கட்டு சரியில்லன்னா கனவு கண்டுனு இருக்கறவன் மேலதான் வந்து வுழும்."

சிரித்துவிட்டுப் படத்தை ஓடவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மூன்று தடவை பார்த்தும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. துருவங்களைப் பற்றி நான் படித்தவற்றையெல்லாம் அந்த ஒரு கேள்வியோடு திரும்ப எடுத்துப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது.

2

முதலில் ஹெர்சாக்குக்கு நியாயம் செய்துவிடுவோம். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை, கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் அண்டார்டிகாவுக்கு அனுப்ப ஒரு திட்டம் வைத்திருந்தது. அதில்தான் அவர் போனார். இன்னொரு பென்குயின் படம் எடுக்கப் போவதில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். விஞ்ஞானிகளோடு நின்றுவிடவும் இல்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒரு தத்துவவாதி, தன் விரல் அமைப்பைக் காட்டித் தன் மூதாதையரைப் பற்றிச் சொல்லும் குழாய்த் தொழிலாளி, பேருந்து ஓட்டுநர் என்று மக்மர்டோ நிலையத்தின் கைவேலைக்காரர்களை உட்காரவைத்துக் கேட்கிறார். ஆவணப்படங்களில் இது அபூர்வம்.

அப்படிப்பட்டவரின் படத்திலும் விமானம் ஒரு வாசலாக மட்டுமே இருக்கிறது. உள்ளே நுழைகிறோம், கொஞ்ச நேரம் இருட்டு, கதவு திறந்தால் வெள்ளைக் கண்டம். ஓட்டுபவரோடோ சரக்கைக் கட்டியவரோடோ படம் உட்கார்ந்து பேசுவதில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரிடம் கனவைக் கேட்ட இயக்குநர், சீருடையைக் கண்டதும் மௌனமாகிவிடுகிறார்.

ஏன் என்று யோசித்தேன். ஹெர்சாக்குக்கு மனிதர்கள் வேண்டும், அதுவும் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட, கொஞ்சம் கிறுக்குப் பிடித்த மனிதர்கள். சீருடை போட்டவர் நிறுவனத்தின் குரலில்தான் பேசுவார் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படியானால் அது அவர் ஒருவருடைய முடிவு மட்டும் இல்லை. கடந்த அறுபது, எழுபது வருஷத்துத் துருவ எழுத்தின் பழக்கமே அதுதான். கிரைஸ்ட்சர்ச்சில் ஏறினேன், மக்மர்டோவில் இறங்கினேன் என்று ஒரு வரி வரும். விமானத்துக்குள் சத்தமாக இருந்தது, காதில் அடைப்பான் கொடுத்தார்கள் என்று இன்னொரு வரி. பிறகு பனி, வெளிச்சம், தனிமை, நான்.

அந்த முதல் வரிக்குள் என்ன இருக்கிறது? நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து மக்மர்டோ ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர். நடுவில் இறங்க இடமே கிடையாது. அமெரிக்க விமானப்படையின் சி-17 ஐந்து மணி நேரத்தில் போகும். பாதி தாண்டியபின் ஒரு புள்ளி வரும். அதற்கு முன்னால் வரைக்கும் திரும்பிப்போக எரிபொருள் இருக்கும், அதைத் தாண்டினால் முன்னால் போயே ஆகவேண்டும். வானிலை கெட்டு அந்தப் புள்ளியிலிருந்து திரும்பி வந்தால் அதற்குப் பயணிகள் வைத்திருக்கும் பேர் 'பூமராங்'. பல மணி நேரம் பறந்து, ஏறின இடத்திலேயே இறங்குவது. அந்தப் புள்ளியில் முடிவெடுப்பவரின் மனசுக்குள் என்ன நடக்கிறது? நான் படித்த துருவப் பயண நூல்களில் அதை யாரும் கேட்டு எழுதியதில்லை.

3

எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை.

ஆப்ஸ்லி செர்ரி-கேரார்டின் 'தி வொர்ஸ்ட் ஜர்னி இன் தி வேர்ல்ட்' 1922இல் வந்தது. ஸ்காட்டின் கடைசிப் பயணக் குழுவில் இருந்தவர். 1911இன் துருவக் குளிர்காலத்தில், சூரியனே வராத மாதத்தில், அவரும் எட்வர்ட் வில்சனும் ஹென்றி பௌவர்ஸும் எம்பரர் பென்குயின் முட்டைகளைத் தேடிப் போனார்கள். பறவைகளின் பரிணாமத்தை அந்தக் கரு சொல்லிவிடும் என்று வில்சன் நம்பினார். ஐந்து வாரம். வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனது.

இந்தப் புத்தகத்தை வீரக்கதையாகப் படிப்பதுதான் வழக்கம். சித்தப்பாவின் கேள்வியோடு திரும்பப் படித்தபோது என் கண்ணில் பட்டது எடை. கிளம்பும்போது இரண்டு சறுக்குவண்டிகளில் இருந்த சுமை 757 பவுண்டு, கிட்டத்தட்ட 343 கிலோ. இழுத்தவர்கள் மூன்றே பேர். இரண்டு வண்டிகளையும் சேர்த்து இழுக்க முடியாமல், ஒன்றைக் கொஞ்சதூரம் கொண்டுபோய் விட்டு, திரும்பிவந்து அடுத்ததை இழுத்தார்கள். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடக்க வேண்டும். உறைந்த வியர்வையும் மூச்சுக்காற்றும் தூக்கப் பைகளில் பனியாகச் சேர, அவற்றின் எடை நாளுக்கு நாள் கூடியது. அந்த உரைநடை மெதுவாக நகர்வதற்குக் காரணம் இதுதான். எழுதியவரே சுமந்தவர். வாக்கியம் இழுபடும் இடங்களில் வண்டி இழுபடுகிறது.

ஐந்து முட்டை எடுத்தார்கள், இரண்டு உடைந்துபோனது. மிச்சம் மூன்றை செர்ரி-கேரார்ட் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே அவரை ஒரு தொல்லையாக நடத்தினார்கள் என்று எழுதுகிறார். வில்சனும் பௌவர்ஸும் அதற்குள் ஸ்காட்டோடு தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் செத்துப்போயிருந்தார்கள். அவர்கள் கூடாரத்தில் சுமார் 16 கிலோ பாறைகள் கிடைத்தன. சாகக் கிடந்தவர்கள் அதைத் தூக்கி எறியவில்லை. அந்தப் பாறைகளில் குளோசாப்டெரிஸ் என்ற பழந்தாவரத்தின் படிவம் இருந்தது. இந்தியாவின் நிலக்கரிப் படுகைகளில் கிடைக்கும் அதே தாவரம். அண்டார்டிகாவும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்தன என்பதற்கு அது சாட்சி. மத்திய இந்தியாவின் கோண்டு நிலத்தை வைத்துத்தான் அந்தப் பெருநிலத்துக்கு கோண்ட்வானா என்று பேரே வந்தது.

இன்னொரு தகவல். பௌவர்ஸ் ராயல் இந்தியன் மரைன் அதிகாரி, அதாவது இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசின் கடற்படைச் சேவையைச் சேர்ந்தவர். ஸ்காட்டும் கடற்படைக்காரர்தான். துருவ அறிவியலை ராணுவத்தினர் சுமப்பது அன்றைக்கே இருந்தது. அன்றைக்கு அதை மறைக்க முடியாது, ஏனென்றால் சுமை தோளில் இருந்தது. ஒரே கூடாரத்தில் மாலுமியும் விஞ்ஞானியும் எழுத்தாளரும் தூங்கினார்கள்.

4

1956 அக்டோபர் 31. அமெரிக்கக் கடற்படையின் ஒரு விமானம் தென்துருவத்தில் இறங்கியது. ஸ்காட்டின் குழுவுக்குப் பிறகு அங்கே மனிதக்கால் பட்டது அன்றுதான். 49 நிமிஷம் நின்றார்கள். திரும்பக் கிளம்பும்போது சறுக்குக்கட்டைகள் பனியில் ஒட்டிக்கொண்டன. உடம்பில் கட்டியிருந்த சிறு ராக்கெட்டுகளைக் கொளுத்தித்தான் விமானம் மேலே எழும்பியது. அதற்கப்புறம் துருவ நிலையத்துக்கான கட்டுமானப் பொருட்களை விமானப்படையின் பெரிய சரக்கு விமானங்கள் பாராசூட்டில் போட்டன. 'ஆபரேஷன் டீப் ஃப்ரீஸ்' என்ற அந்த ஏற்பாடு 1955இல் தொடங்கி, அதே பேரில் இன்றுவரை நடக்கிறது.

அந்த நாளிலிருந்து சுமப்பவரும் எழுதுபவரும் வேறுவேறு ஆட்கள். நான் சொல்ல வருகிற விஷயம் இவ்வளவுதான். விமானம் வந்ததும் எடை துருவத்திலிருந்து போய்விடவில்லை, பல மடங்கு கூடியது. ஆனால் எழுத்திலிருந்து போய்விட்டது. லோட் ஷீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

தென்துருவத்தில் இருக்கும் ஐஸ்கியூப் நியூட்ரினோ ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 டிசம்பரில் கட்டி முடித்தார்கள். ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள் 86 கம்பிவடங்களில் 5,160 ஒளி உணரிகள், ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடி உருண்டைக்குள். விண்மீன்களுக்கு அப்பாலிருந்து வரும் துகளைப் பூமி பிடித்தது என்று அதைப் பற்றி எத்தனையோ அழகான கட்டுரைகள் வந்திருக்கின்றன. அந்தக் கண்ணாடி உருண்டைகளும், வெந்நீரால் பனியைத் துளைக்கும் கருவிகளும் மக்மர்டோவிலிருந்து 1,350 கிலோமீட்டர் எல்.சி-130 விமானங்களில்தான் போயின. சக்கரத்தோடு சறுக்குக்கட்டையும் பொருத்திய ஹெர்குலிஸ் அது. அதை ஓட்டுகிறவர்கள் நியூயார்க் மாநில ஏர் நேஷனல் கார்டின் 109ஆவது பிரிவு. அவர்களில் பலர் மற்ற நாட்களில் வேறு வேலை பார்க்கிறவர்கள். துளைக்கும் கருவிக்கு எரிபொருள் வேண்டும். எரிபொருளைக் கொண்டுபோகும் விமானத்துக்கும் எரிபொருள் வேண்டும். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "மேல ஒரு ஜெரிகேன் மண்ணெண்ணெ எறக்கறதுக்குக் கீழ எத்தினி ஜெரிகேன் எரியும்னு எங்களுக்குத் தெரியும்" என்றார்.

இந்த மௌனத்தை உடைக்கும் ஒரு புத்தகம் இருக்கிறது. எழுதியவர் விமானி இல்லை, விமானத்துக்காகக் கீழே காத்திருந்தவர். ஜெர்ரி நீல்சன் 1999இல் துருவ நிலையத்தின் ஒரே மருத்துவர். பிப்ரவரியில் கடைசி விமானம் போனால் அக்டோபர் வரைக்கும் அடுத்தது கிடையாது. அந்தக் குளிரில் எரிபொருளே கெட்டியாகிவிடும். அந்த இருட்டுக்குள் அவர் தன் மார்பில் ஒரு கட்டியைக் கண்டுபிடிக்கிறார். தானே தன்னிடமிருந்து திசு எடுக்கிறார். புற்றுநோய். ஜூலையில், நடு இருட்டில், விமானப்படையின் சி-141 ஒன்று வந்து மருந்துகளைப் பாராசூட்டில் போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. கீழே இருந்தவர்கள் டிரம்களில் நெருப்பு மூட்டி இடம் காட்டினார்கள். அக்டோபர் 16 அன்று, பறக்க உகந்ததாக வைத்திருந்த வெப்பநிலை வரம்பையும் மீறி, ஒரு எல்.சி-130 இறங்கியது. எஞ்சினை அணைக்காமலே அவரை ஏற்றிக்கொண்டு போனது.

2001இல் வந்த அவருடைய 'ஐஸ் பவுண்ட்' இலக்கிய நயத்துக்காகப் பேசப்படும் புத்தகம் இல்லை. நடை சாதாரணம், சில இடங்களில் வளவளப்பு. ஆனாலும் துருவ எழுத்தில் விமானம் மறுபடியும் கனமான ஒரு பொருளாக வருவது அங்கேதான். அதன் சத்தத்துக்காக ஒரு உயிர் காத்திருக்கிறது. செர்ரி-கேரார்டுக்குத் தோளில் இருந்த எடை நீல்சனுக்குக் காதில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், நடுவில் வந்த பல அழகான புத்தகங்கள் ஏன் கொஞ்சம் மெலிசாகத் தெரிகின்றன என்பது பிடிபடும். அவற்றில் எதுவும் யாருக்கும் கனக்கவில்லை.

5

இனி நம் கதைக்கு வருவோம்.

இந்தியாவின் முதல் அண்டார்டிகாக் குழு 1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து கிளம்பியது. எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர். 'போலார் சர்க்கிள்' என்ற நார்வேக் கப்பலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். 1982 ஜனவரி 9 அன்று பனியில் கால் வைத்தார்கள். கப்பலோடு கடற்படையின் ஹெலிகாப்டர்களும் போயின. அங்கே கப்பல் பனித்தட்டின் விளிம்போடு நின்றுவிடும். பாறை தெரியும் ஷிர்மாக்கர் பகுதி பல பத்து கிலோமீட்டர் உள்ளே. ஹெலிகாப்டர் இல்லையென்றால் புவியியலாளருக்குத் தொட ஒரு கல்கூட இல்லை.

1983 டிசம்பரில் போன மூன்றாவது குழுவோடு விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் போயின. தட்சிண் கங்கோத்ரி நிலையத்தை ராணுவப் பொறியாளர்கள் ஒரே கோடையில் கட்டி முடித்தார்கள். அந்தப் பயணத்தில்தான் சுதீப்தா சென்குப்தாவும் அதிதி பந்தும் போனார்கள், இந்திய அண்டார்டிகாக் குழுவில் போன முதல் பெண்கள். சென்குப்தா வங்காளத்தில் ஒரு பயணநூல் எழுதினார். 1984இல் 12 பேர் அங்கே முதல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். தலைவர் ராணுவ அதிகாரி சத்ய ஸ்வரூப் சர்மா. அவரும் பின்னாளில் ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். சில வருஷம் கழித்து அதே நிலையத்தில் குளிர்காலக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம்மூர்க்காரர், திருவாரூர் மாவட்டம் சன்னாநல்லூரைச் சேர்ந்த கர்னல் பா. கணேசன். அவர் அந்த அனுபவத்தைத் தமிழில் எழுதியிருக்கிறார். அங்கிருந்து கொண்டுவந்த கற்களைத் தன் ஊரில் ஒரு பூங்காவில் வைத்திருக்கிறார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆங்கிலத் துருவ எழுத்தில் விமானம் வந்ததும் பிரிந்துபோன சுமப்பவரும் எழுதுபவரும் இங்கே கொஞ்சகாலம் ஒரே ஆளாக இருந்தார்கள். நம் ஆரம்பகால அண்டார்டிகா நூல்களைத் தேடினால், நிலையத்தைக் கட்டி, ஜெனரேட்டரை ஓடவைத்து, டீசலை எண்ணிய ராணுவக்காரர்களின் நூல்கள் கையில் வரும். நம் இலக்கிய விமர்சனம் அவற்றை நூல்களாகவே எடுத்துக்கொள்ளவில்லை. 'அனுபவக் குறிப்பு', 'பொது அறிவு' என்று ஓரம்கட்டிவிட்டது. ஹெர்சாக்கைப் பற்றி நாம் எத்தனை இடத்தில் பேசியிருக்கிறோம்! சன்னாநல்லூர்க்காரரைப் பற்றி எத்தனை இடத்தில்? இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. நாலு தடவை படம் பார்த்தவன் நான்.

ஆனால் 1984 என்ற அந்த வருஷத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தட்சிண் கங்கோத்ரியில் அந்தப் 12 பேர் முதல் குளிர்காலத்துக்குள் போய்க்கொண்டிருந்தபோது, ஏப்ரல் 13 அன்று, சியாச்சினில் 'ஆபரேஷன் மேகதூத்' தொடங்கியது. இந்திய ஹெலிகாப்டர்கள் வீரர்களைப் பனிமலை மேல் இறக்கின. அதே ராணுவம், அதே விமானப்படை. தெற்கே ஒரு பனியில் விஞ்ஞானிகளையும் கருவிகளையும் இறக்கியது, வடக்கே இன்னொரு பனியில் துப்பாக்கிகளை இறக்கியது. சித்தப்பா வேலை பார்த்தது இந்த இரண்டாவது பனிக்கு.

"சியாச்சின்ல மேல இருக்கறவனுக்கு நாங்க போட்றதுதான் சோறு. காத்து மாறி பாராசூட்டு பள்ளத்துல வுழுந்துச்சின்னா போச்சு. நாம கீழ வந்து டீ குடிப்போம். அவன் அங்க பாத்துனு இருப்பான்."

எதைப் போட்டோம் என்று அவர் சொல்லும் பட்டியலில் மண்ணெண்ணெய், உருளைக்கிழங்கு, பால் பவுடர் எல்லாம் உண்டு. கடைசியில், கொஞ்சம் நிறுத்தி, "மத்ததும்தான்" என்பார். அந்த 'மத்தது' என்ன என்று நான் கேட்டதில்லை.

6

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். நியாயமான கேள்விதான். ராணுவத்துக்கு விளம்பரம் எழுதுகிறாயா? அறிவியலின் பேரில் ராணுவம் எங்கும் நுழைவதை 'உழைப்பு' என்று சொல்லிப் புனிதமாக்குகிறாயா?

இதற்குப் பதில் சொல்ல ஒரு பனுவலைப் படிக்க வேண்டும். 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிகா உடன்படிக்கை. இந்தியா 1983 ஆகஸ்டில் சேர்ந்தது. அதன் முதல் பிரிவுக்கு இரண்டே பத்தி. முதல் பத்தி ராணுவத் தளம், போர்ப்பயிற்சி, ஆயுதச் சோதனை எல்லாவற்றையும் தடைசெய்கிறது. இரண்டாவது, அறிவியலுக்கும் அமைதியான மற்ற காரியங்களுக்கும் ராணுவ ஆட்களையும் சாமான்களையும் பயன்படுத்தத் தடையில்லை என்கிறது.

பூட்டும் சாவியும் ஒரே பிரிவுக்குள். கையெழுத்திட்டவர்களுக்கு யதார்த்தம் தெரிந்திருந்தது. 1946–47இல் அமெரிக்கா 13 கப்பல்களையும் 4,700 ஆட்களையும் அங்கே அனுப்பியதே முதன்மையாகப் போர்ப்பயிற்சிக்காகத்தான். கடற்படையும் விமானப்படையும் இல்லாமல் அந்தக் கண்டத்தில் யாரும் ஒரு வெப்பமானியைக்கூட நட முடியாது. ஆகவே ஆயுதத்தைக் கழற்றிவிட்டுத் தோளை மட்டும் உள்ளே விட்டார்கள்.

தோள் மட்டும்தான் உள்ளே போனதா? 1978 ஜனவரி 7 அன்று அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா ராணுவத் தளத்தில் எமிலியோ பால்மா பிறந்தான். அண்டார்டிகாவில் பிறந்த முதல் குழந்தையாக அவனைப் பதிவுசெய்தார்கள். அவன் அப்பா அந்தத் தளத்தின் ராணுவ அதிகாரி. கர்ப்பமாயிருந்த மனைவியை விமானத்தில் அங்கே கொண்டுபோனார்கள், இந்த நிலம் எங்களுடையது என்று காட்டுவதற்காக. ஒரு பெண்ணின் நிறைவயிறே சரக்காக ஏற்றப்பட்டது.

அதனால்தான் சொல்கிறேன், சுமப்பவரை எழுதுவது என்பது சுமப்பவரைப் போற்றுவது ஆகாது. எழுதாமல் விட்டால்தான் ராணுவத்துக்கு வசதி. எது ஏறியது, எது இறங்கியது, எந்தப் பேரில் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஹெர்சாக் பாணி மௌனம் ராணுவத்துக்கு எதிரான மௌனம் மாதிரித் தோன்றும். உண்மையில் அது விமானத்தைக் காற்று மாதிரி, வானிலை மாதிரி, இயற்கையின் பகுதியாக்கிவிடுகிறது. இயற்கையிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

7

கணக்கு என்றதும் ஊர் ஞாபகம் வருகிறது.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் படித்த குடவோலை முறை. முப்பது குடும்புகள், ஓலையில் பேர், குடத்துக்குள் கைவிட்டு எடுக்கும் சிறுவன். உள்ளூர்க்காரன் என்பதால் சின்ன வயசில் எனக்கு அது பெருமை. பிறகு அது ஒரு பிராமண சபையின் ஏற்பாடு, நிலமும் வேதமும் உள்ள ஆண்களுக்கு மட்டுமானது என்று புரிந்ததும் பெருமை குறைந்தது. இப்போது அதைத் திரும்பப் படிக்கும்போது வேறு ஒன்று கண்ணில் படுகிறது.

அந்தக் கல்வெட்டு யாரைப் பற்றி? அரசனின் போர்களைப் பற்றி இல்லை. ஆண்டுக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஏரிக்கு ஆறு பேர் கொண்ட ஒரு வாரியம், பொன்னைச் சோதிக்க ஒரு வாரியம். யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது. நிற்கக் கூடாதவர்களில் முதலில் வருகிறவன், வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன். அவன் மட்டும் இல்லை, அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஊரைத் தாங்குகிற ஏற்பாட்டையே எழுதத் தகுந்த விஷயமாக ஒரு காலம் கருதிக் கல்லில் வெட்டியிருக்கிறது. இதை இலக்கியம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் துருவ எழுத்தில் நான் தேடியது இதே மாதிரி ஒரு கணக்கைத்தான்.

அந்தக் கல்லிலும் ஓர் இடம் காலி. ஏரி வாரியத்தில் யார் உட்காரலாம் என்று அவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறது. ஏரிக்குள் இறங்கி வண்டலைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்டியவருக்கு அங்கே பேர் இல்லை. அவர் அந்தச் சபைக்குள் நுழைந்திருக்கவே முடியாது. பல்லவர் காலத்தில் வெட்டிய அந்த ஏரி இன்றைக்கும் கோடி போகிறது. யாரோ சுமந்த மண்மேல்தான் கரை நிற்கிறது. ஆயிரத்து நூறு வருஷம் கழித்து நாமும் விஞ்ஞானியின் பேரையும் இயக்குநரின் பேரையும் எழுதிவிட்டு, 'விமானத்தில் போய் இறங்கினார்கள்' என்று முடித்துக்கொள்கிறோம்.

இன்றைக்கு இந்திய விஞ்ஞானிகள் பெரும்பாலும் கேப் டவுனிலிருந்து ஐ.எல்-76 விமானத்தில் போய், மைத்ரி நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரஷ்ய ஓடுதளத்தில் இறங்குகிறார்கள். சோவியத் காலத்தில் ராணுவத்துக்காகவும் உருவான சரக்கு விமானம் அது. இப்போது பல நாடுகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. தட்சிண் கங்கோத்ரி 1990இல் கைவிடப்பட்டுப் பனிக்குள் புதைந்துவிட்டது. அதைச் சுமந்துபோனவர்களில் பலர் நம் ஊர்களில் எங்கேயாவது திண்ணையில் உட்கார்ந்திருக்கக்கூடும். அண்டார்டிகா வரைக்கும் போகாதவர்கள், சித்தப்பா மாதிரி வேறொரு பனிக்குச் சோறு போட்டவர்கள், இன்னும் அதிகம். எழுதுகிற நண்பர்கள் துருவத்துக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவில் ரிட்டயர் ஆன ஒருவரிடம் போய்க் கேளுங்கள்.

ஊரிலிருந்து கிளம்புகிற அன்றைக்கு நான் கேட்டேன். "லோடு கட்றதுல எது சித்தப்பா முக்கியம்? எடையா?"

"எட பாதிதான்டா. எத்த எங்க வைக்கறோம்னு ஒன்னு இருக்குது. நூறு கிலோவ வால் பக்கம் தள்ளி வெச்சிட்டா, எட சரியா இருந்தாலும் வண்டி மூக்கத் தூக்கிடும். அதான் ட்ரிம் ஷீட்டு. அதுல நான் கையெழுத்துப் போடணும்."

"உங்க பேரு அதுல இருக்குமா?"

"இருக்கும். எறங்கனதும் ஃபைல்ல போயிடும்."

பிறகு வயலுக்குத் தண்ணி பாய்ச்ச நேரமாச்சு என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த 'மத்தது' என்ன என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை. அடுத்த தடவை நோட்டோடு போய்க் கேட்க வேண்டும்.